பூட்டா, திரையா?

சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளை. தெருவில் நடந்தால் விசைத்தறிச் சத்தம் காதைப் பிளக்கும். சேலைதான் ஊரின் பிழைப்பு. சேலைக்கு உயிர் டிசைன். ஒரு காலத்தில் அது ஜக்கார்டு அட்டைகளில் வெறும் துளைகள். அட்டைக்கட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினால் முதலாளி நிம்மதியாகத் தூங்கலாம். டிசைன் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டால் அதை எப்படிப் பூட்டுவது?

இந்தக் கவலை 1961-லேயே ஆரம்பித்துவிட்டது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் ஃபெர்னாண்டோ கொர்பட்டோ, ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்குபோட்டுக்கொள்ள வழி செய்தார். ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அடுத்த வருஷமே பூட்டு உடைந்தது! ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்குக் கிடைத்த நேரம் போதவில்லை. பாஸ்வேர்டு ஃபைலை அச்சடித்துத் தரச் சொல்லி ஒரு துளையட்டையைக் கொடுத்தார் (ஜக்கார்டு அட்டையின் வாரிசுதான்). இயந்திரமும் சமர்த்தாக அச்சடித்துத் தந்துவிட்டது.

1991-ல் லினக்ஸ் பிறந்தது. 1992-ல் ஜேமி ஜவின்ஸ்கி எழுதிய எக்ஸ்ஸ்க்ரீன்சேவர் வெளிவந்து, பிற்பாடு லினக்ஸிலும் பரவியது. ஆள் எழுந்து போனால் திரையை மூடும். திரும்பி வந்தால் பாஸ்வேர்டு கேட்கும்.

இதை வைத்து ஒரு தந்திரம் உண்டு. கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டர் தானே விழித்து, தானே லாகின் ஆகி, வேண்டிய ப்ரோக்ராம்களைத் தொடங்கி, கையோடு தன்னைப் பூட்டியும் கொள்ளும். லாகின் ஆனதும் ஓட வேண்டியவற்றின் பட்டியலில் பூட்டும் கட்டளையையும் சேர்த்தால் போதும். சாமர்த்தியம்தான். ஆனால் கவனியுங்கள், கதவு ஏற்கெனவே திறந்தாயிற்று. முன்னால் தொங்குவது வெறும் திரை. அது அறுந்து விழுந்தால்?

விழுந்தது. 2021 ஜனவரியில் லினக்ஸ் மின்ட் உபயோகிக்கும் ஓர் அப்பா புகார் செய்தார். அவர் வீட்டுக் குழந்தைகள் நிஜக் கீபோர்டையும் திரையில் தெரிந்த கீபோர்டையும் ஒரே சமயத்தில் கண்டபடி தட்டியிருக்கிறார்கள். பூட்டும் ப்ரோக்ராம் பொத்தென்று செத்துப்போக, உள்ளே இருந்ததெல்லாம் பளிச்! இப்படி நடக்கும் என்று ஜவின்ஸ்கி பல வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தார்.

வேலண்ட் என்ற புதிய ஏற்பாட்டில் இதற்கு மருந்து கண்டிருக்கிறார்கள். பூட்டும் ப்ரோக்ராம் செத்தாலும் திரை திறக்கக் கூடாது என்பது அதன் விதி. நல்லது. ஆனால் திருடன் ஹார்ட் டிஸ்க்கையே கழற்றிக்கொண்டு போனால் அந்த விதியும் காப்பாற்றாது. டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து, கரண்ட் வந்ததும் ஒருதரம் நடந்துபோய் பாஸ்வேர்டைத் தட்டுவதுதான் உத்தமம். சோம்பல் பார்த்தால் ஆகாது.

அலமாரியைத் திறந்துபோட்டு முன்னால் சேலையைத் தொங்கவிட்டால், அதற்குப் பெயர் பூட்டு இல்லை. இளம்பிள்ளைக்காரர்களுக்கா இதைச் சொல்லித்தர வேண்டும்?