எதிரியின் பெயரில் ஓர் எஞ்சின்

1963 மார்ச்சில் பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் ஓர் அறிக்கை வெளியிட்டார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களை மூடலாம், சுமார் 5,000 மைல் பாதையைக் கைவிடலாம் என்றது அது. நீராவியின் தலையெழுத்து அதற்கு முன்பே, 1955இன் நவீனமயத் திட்டத்திலேயே முடிவாகிவிட்டது. எஞ்சின்கள் வரிசையாக வெட்டப்பட்டு எடைக்குப் போய்க்கொண்டிருந்தன. நம்ம ஊர் பாஷையில் பேரீச்சம்பழத்துக்கு.

அதே வருடம் ஸ்காட்லாந்துப் பிரபு ஒருவர் அப்படிப் போக வேண்டிய எஞ்சின் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினார்.

டேவிட் லிண்ட்சே-பெத்தூன், 1926இல் பிறந்தவர். ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவில் அதிகாரியாக இருந்தவர். அப்பா லிண்ட்சேயின் ஏர்ல் என்பதால், வாரிசான இவரை வைகவுண்ட் கார்னாக் என்று அழைத்தார்கள். 1985இல் அப்பா இறந்ததும் இவர் 15ஆவது ஏர்ல் ஆனார்.

அவர் வாங்கியது கே4 வகை எஞ்சின். கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வழியாக மல்லைக் கடற்கரை வரை போகும் மேற்கு ஹைலேண்ட் பாதைக்கென்றே நைஜல் கிரெஸ்லி வடிவமைத்தது. ரான்னக் சதுப்பு நிலத்தைத் தாண்டி, 1,350 அடி உயரம் ஏறி இறங்கும் பாதை அது. பழைய கே2 எஞ்சின் அங்கே சுமார் 220 டன் இழுத்தது. அதற்கு மேல் என்றால் இரண்டாவது எஞ்சினைக் கோக்க வேண்டும். கிரெஸ்லி சக்கரத்தைச் சிறிதாக்கி, மூன்று சிலிண்டர் வைத்தார். கே4 தனியாளாக 300 டன் இழுத்தது. வேகம் போனாலும் ஏற்றத்துக்கு வலு கிடைத்தது. 1937-39இல் மொத்தம் ஆறே எஞ்சின்கள் கட்டினார்கள். ஒன்று பிறகு வேறு வகையாக மாற்றப்பட்டது. மிச்ச ஐந்தும் 1961இல் ஓய்வு பெற்றன.

பிரபு வாங்கியதன் எண் 3442. பெயர் 'தி கிரேட் மார்க்வெஸ்'. 17ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தின் போர்த்தளபதி, மாண்ட்ரோஸின் மார்க்வெஸ் ஜேம்ஸ் கிரஹாமைத்தான் அது குறிக்கிறது. மன்னருக்காகக் கவெனன்டர்களை எதிர்த்துப் போரிட்டு, 1650இல் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டவர்.

சுவாரஸ்யமே இங்கேதான். லிண்ட்சேயின் முதல் ஏர்ல் ஜான் லிண்ட்சே, மாண்ட்ரோஸுக்கு எதிராகக் களத்தில் நின்ற கவெனன்டர். அந்தப் பட்டம் கைமாறிக் கைமாறி வந்து, முந்நூறு வருடத்துக்கு அப்புறம் அதன் வாரிசு மாண்ட்ரோஸின் பெயரைத் தாங்கிய எஞ்சினைக் காப்பாற்றுகிறார். போதாததற்கு, இன்னொரு கே4-இன் பெயர் 'மக்கைலின் மோர்'. மாண்ட்ரோஸின் பரம வைரியான கேம்பெல் குலத்தலைவரின் பட்டம். ஒரே ஷெட்டில் இரண்டு கட்சியும் நின்று கரி தின்றன.

எஞ்சினைச் சீர்படுத்தி, எல்.என்.இ.ஆர். கம்பெனியின் பழைய ஆப்பிள் பச்சையை அடித்தார். சில வருடங்கள் சிறப்பு ரயில்களை இழுத்தது. 1968 ஆகஸ்டோடு பிரிட்டிஷ் ரயில்வேயின் முதன்மைப் பாதைகளில் நீராவி முடிந்தது. பிறகு இங்கிலாந்தின் செவர்ன் வேலி ரயில்வேக்குப் போனது. அது ஆர்வலர்கள் மீட்டெடுத்த பாதை. 1989இல் 3442 மறுபடி ஹைலேண்டில் ஓடியது. அதே ஆகஸ்டில் அவர் காலமானார்.

இதை ஒரு தனிமனிதரின் தியாகக் கதையாக மட்டும் சொல்ல எனக்குத் தயக்கம். 1963இல் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனை வாங்கிய ஆலன் பெக்லர் பிற்பாடு திவாலானார். எஞ்சினை வாங்குவது ஒரு நாள் செலவு, வைத்திருப்பது ஆயுள் செலவு. அதைத் தாங்கப் பணம் வேண்டும். எது மிஞ்சும் என்பதை பெரும்பாலும் வசதியுள்ளவரின் ஆசைதான் தீர்மானிக்கிறது. அந்த எஞ்சின்களுக்குக் கரி அள்ளிய கைகளின் பெயர் பலகையில் இல்லை.

ஆனால் மென்பொருள்காரனாக எனக்கு இன்னொன்றும் படுகிறது. பழைய நிரலின் மூலம் கையில் இருந்தால் மட்டும் போதாது; அதை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். எஞ்சினும் அப்படித்தான். அருங்காட்சியகத்தில் நிற்கும் எஞ்சினின் அளவுகளைப் படித்துக்கொள்ளலாம். ஓடுகிற எஞ்சினோ விடியுமுன் நெருப்பு மூட்ட, நீர்மட்டம் பார்க்க, ஏற்றத்தில் நீராவியைச் சிக்கனமாகச் செலவழிக்க ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆள் பழக்கச் சொல்கிறது. பிரபு வாங்கியது இரும்பை. செவர்ன் வேலியில் சம்பளம் வாங்காமல் கைகறுத்த தன்னார்வலர்கள் காத்தது அந்த வேலையை. ஆறில் மிஞ்சிய ஒரே கே4 அதுதான்.