கோட்டை விட்ட கருவிகள்: எல்லைக்கோட்டுத் தீர்ப்பின் ஐம்பதாண்டு வரலாறு

பெட்மின்டனில் எல்லைக்கோட்டுத் தீர்ப்பை மனிதக் கண்ணிடமிருந்து எடுத்துக் கருவியிடம் முறையாக ஒப்படைத்த முதல் நகரம் புது தில்லி. 2014 ஏப்ரலில் சிரி போர்ட் அரங்கில் நடந்த இந்திய பகிரங்க சூப்பர் சீரிஸ் சுற்றுப்போட்டியில்தான் உலக பெட்மின்டன் சம்மேளனம் ஹோக்-ஐ கெமராக்களைத் தீர்ப்புக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. கோட்டு நடுவர் ‘அவுட்’ என்று கையை விரித்ததும் ஆட்டம் முடிந்துவிட்டதாக அன்றிலிருந்து அர்த்தமில்லை. வீரர் கையை உயர்த்தி மறுபரிசீலனை கேட்கலாம். ஒரு போட்டிக்கு இரண்டு வாய்ப்பு. எதிர்ப்பு சரியென்றால் வாய்ப்புக் குறையாது.

டெனிஸில் இதே வேலைக்கு இலத்திரனியல் கருவி களமிறங்கிய ஆண்டு 1974. இடையில் நாற்பது ஆண்டுகள். இந்த இடைவெளிக்குப் பணத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். டெனிஸில் காசு புரளும், பெட்மின்டனில் அவ்வளவு இல்லை என்பார்கள். அது பாதிக் காரணந்தான். மற்றப் பாதி, ஐந்து கிராம் எடையுள்ள ஓர் இறகுப் பந்திலும், உணரியைக் கோட்டின் மேலேயே வைத்தாக வேண்டும் என்று கண்டுபிடிப்பாளர்கள் கொண்டிருந்த பிடிவாதத்திலும் இருக்கிறது.

மனிதக் கண்ணில் அப்படி என்ன கோளாறு? 2007 விம்பிள்டன் போட்டிகளின் பதிவுகளை ஆராய்ந்த கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், தவறான தீர்ப்புகள் 83 ஐக் கண்டெடுத்தனர். அவற்றில் 70, உள்ளே விழுந்த பந்தை வெளியே என்று சொன்னவை. தற்செயலாக நேர்ந்த தவறு என்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுந்திருக்க வேண்டும். வேகமாக நகரும் பொருளை, அது போகும் திசையில் சற்று முன்தள்ளியே மூளை காண்கிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். கோட்டு நடுவர் நேர்மையானவராக இருக்கலாம், கூர்மையானவராகவும் இருக்கலாம். பந்து விழுந்த இடம் அவருக்கும் நகர்ந்துதான் தெரியும்.

1974 இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் நடந்த உலக சம்பியன்ஷிப் டெனிஸ் இறுதிச் சுற்றில் ஜெப்ரி கிராண்ட், ரொபர்ட் நிக்ஸ் ஆகியோரின் கருவி பரிசோதிக்கப்பட்டது. கோட்டை ஒட்டிய தரையில் அழுத்த உணரிகள். பந்து பட்டால் ஒரு மாதிரியான அழுத்தம், வீரரின் சப்பாத்து மிதித்தால் வேறொரு மாதிரி. இந்த வித்தியாசத்தைக் கணினி பிரித்தறிய வேண்டும். 1974 ஆம் ஆண்டுக் கணினியை நினைத்துப் பார்த்தால் இந்தத் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். ஆனால் கோடுகளை ஒட்டிய தரை முழுவதிலும் உணரி பதித்து, அதை வெயிலிலும் மிதியிலும் காப்பாற்றுவது எந்தச் சுற்றுப்போட்டிக்கும் கட்டுப்படியாகவில்லை.

அடுத்து வந்தது சைக்ளொப்ஸ். பில் கார்ல்டன், மார்கரெட் பார்னிஸ் இங்கிலண்ட் ஆகியோர் உருவாக்கிய இந்தக் கருவியை விம்பிள்டன் 1980 இல் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு அமெரிக்க பகிரங்க டெனிஸ் பின்தொடர்ந்தது. சேர்விஸ் கோட்டை ஒட்டி, தரையிலிருந்து பத்து மில்லிமீற்றர் உயரத்தில், கண்ணுக்குத் தெரியாத செந்நிறக் கீழ்க் கதிர்கள் ஐந்தாறு பாயும். உள்பக்கக் கதிரைப் பந்து முதலில் வெட்டினால் மற்றவை அணைந்துவிடும், சேர்விஸ் சரி. வெளிப்பக்கக் கதிர் வெட்டுப்பட்டால் ‘பீப்’ என்று ஒலி வரும், சேர்விஸ் பிழை. ஆளின் காலும் கதிரை வெட்டும் என்பதால், ஒவ்வொரு சேர்விஸுக்கு முன்பும் கோட்டு நடுவர் கருவியைப் போட்டு, சேர்விஸ் முடிந்ததும் நிறுத்த வேண்டும். ஆகவே மனிதருக்குப் பதிலாக வந்த கருவிக்கும் மனிதர் ஒருவர் காவலிருந்தார். ருமேனியாவின் இலியே நஸ்டாசே ஒருமுறை தரையில் முழங்காலிட்டுக் குனிந்து அந்தப் பெட்டியோடு தர்க்கம் செய்தார். ஜோன் மெக்கன்ரோ இந்தக் கருவிக்குத் தன்னை அடையாளம் தெரியும் என்று குறைபட்டார். மெட்ராஸின் விஜய் அம்ரித்ராஜ் 1981 விம்பிள்டன் காலிறுதியில் ஜிம்மி கொனர்ஸை ஐந்து செட் வரை இழுத்தது இந்தப் பெட்டியின் இரண்டாம் ஆண்டில். அவரது சேர்விஸைத்தான் கருவி பார்த்துக்கொண்டது. அதற்குப் பிந்திய அடிகள், பக்கக் கோடுகள், பின்கோடு எல்லாமே மனிதக் கண்ணின் பொறுப்பில்தான் இருந்தன.

1990களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவிலிருந்து இன்னொரு யோசனை வந்தது. ஆடுதளத்துக்குக் கீழே கம்பிகளைப் புதைப்பது. பந்தின் மேற்பரப்பில் உலோகத் துகள்களைச் சேர்ப்பது. பந்து நெருங்கும்போது கம்பியில் ஏற்படும் மாற்றத்தை அளப்பது. இம்முறை தரையை மட்டுமல்ல, பந்தையும் மாற்ற வேண்டியிருந்தது. கைக்குத் தெரியும் உணர்வு, எடை, துள்ளல் ஆகியவற்றில் டெனிஸ் வீரர் எவ்வளவு பிடிவாதக்காரர் என்பதை இந்தத் திட்டம் கண்டுகொண்டது.

கோட்டு உணரிகளில் மிகப் பழையதும் இன்றுவரை பழுதாகாததும் எதுவென்றால் ஸ்குவொஷ் விளையாட்டின் தகரந்தான். முன்சுவரின் அடியில் பொருத்திய அந்த உலோகத் தகடு பந்து பட்டதும் ‘டங்’ என்று சத்தம் போடும். புள்ளி போய்விட்டது என்று எவரும் தனியாகச் சொல்லத் தேவையில்லை. 2023 ஜூனில் சென்னை எக்ஸ்பிரஸ் அவெனியூ வணிக வளாகத்துக்குள் கண்ணாடி ஆடுதளம் அமைத்து உலகக் கிண்ண ஸ்குவொஷ் நடத்தியபோதும், தகரத்துக்கு மாற்று வரவில்லை. தொடுகையை நேரடியாகக் கேட்பதே இதன் பலம். டெனிஸ் கண்டுபிடிப்பாளர்கள் இருபது ஆண்டுகளாகத் தேடியது இப்படியொரு தகரத்தைத்தான். புல்லிலும் சிமெந்திலும் அது கிடைக்கவில்லை.

திருப்பம் தொலைக்காட்சியால் வந்தது. 2004 செப்டெம்பரில் அமெரிக்க பகிரங்க டெனிஸ் காலிறுதியில் செரீனா வில்லியம்ஸ், ஜெனிபர் கப்ரியாட்டியை எதிர்த்து ஆடினார். தெளிவாக உள்ளே விழுந்த செரீனாவின் பந்தைக் கோட்டு நடுவர் சரியென்றே விட்டுவிட, பிரதான நடுவர் மரியானா அல்வெஸ் அதை மாற்றி வெளியே என்றார். வீட்டிலிருந்து பார்த்த இலட்சக்கணக்கானோருக்கு மறுஒளிபரப்பில் உண்மை தெரிந்தது. தீர்ப்புச் சொன்னவருக்கு மட்டும் தெரியவில்லை. விளையாட்டு நிர்வாகிகளை அசைத்தது துல்லியம் பற்றிய அக்கறையை விட இந்த வெட்கமே என்று கருத இடமுண்டு.

மாற்று ஏற்கெனவே தயாராக இருந்தது. இங்கிலாந்தின் ரோக் மெனர் ஆய்வு நிறுவனத்தில் போல் ஹோக்கின்ஸ் உருவாக்கிய ஹோக்-ஐ, 2001 மே மாதம் லோர்ட்ஸில் நடந்த இங்கிலாந்து - பாகிஸ்தான் கிரிக்கெட் டெஸ்ட் ஒளிபரப்பில் அறிமுகமானது. பல கோணங்களில் உயரமாகப் பொருத்திய கெமராக்கள் பந்தைப் பின்தொடரும். கணினி அந்தப் படங்களை இணைத்து முப்பரிமாணப் பாதையை வரையும். அந்தப் பாதை தரையைத் தொடும் இடத்தைக் கணிக்கும். சர்வதேச டெனிஸ் சம்மேளனம் 2005 இல் இதை அங்கீகரித்தது. 2006 மார்ச்சில் மயாமியில் ஜமியா ஜக்சன் என்ற இளம் வீராங்கனை முதல் எதிர்ப்பைப் பதிவு செய்தார். அதே ஆண்டு அமெரிக்க பகிரங்கம், 2007 இல் விம்பிள்டன். சைக்ளொப்ஸ் பெட்டி பிரதான ஆடுதளங்களை விட்டு வெளியேறியது.

கவனிக்க வேண்டியது, இந்தக் கருவி கோட்டைத் தொடவே இல்லை. தரையில் எதுவுமில்லை, பந்திலும் எதுவுமில்லை. உணரி கோட்டை விட்டுக் கூரைக்கு ஏறிய பிறகுதான் எல்லாக் கோடுகளுக்கும், எல்லா அடிகளுக்கும் தீர்ப்புச் சொல்ல முடிந்தது. இதற்கு ஒரு விலையும் இருந்தது. திரையில் நாம் பார்ப்பது பந்து பதிந்த தடம் அல்ல. கணித்து வரைந்த படம். சராசரிப் பிழை 3.6 மில்லிமீற்றர் என்று நிறுவனம் சொன்னது. சராசரி என்றால் சில தடவை அதற்கு மேலும் போகும் என்றுதானே பொருள்? கார்டிவ் பல்கலைக்கழகத்தின் ஹரி கொலின்ஸும் ரொபர்ட் எவன்ஸும் 2008 இல் வெளியிட்ட கட்டுரையில் இதைத்தான் கேட்டார்கள்: ஐயத்தின் அளவையும் பார்வையாளருக்குக் காட்டாமல், ஒரே ஒரு துல்லியமான புள்ளியைக் காட்டுவது நியாயமா? 2007 விம்பிள்டன் இறுதியில் ரோஜர் பெடரர் அதே எரிச்சலைத் தன் பாணியில் வெளிப்படுத்தி, அந்தத் திரையை அணைக்கச் சொல்லி நடுவரிடம் கேட்டார்.

கருவியின் தீர்ப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி இலங்கை மண்ணிலேயே இரண்டு முறை பரிசோதிக்கப்பட்டது, விளையாட்டு மட்டும் கிரிக்கெட். 2002 செப்டெம்பரில் கொழும்பில் நடந்த சம்பியன்ஸ் கிண்ணப் போட்டியில், சமிந்த வாஸ் வீசிய பந்துக்கு நடுவர் டெரில் ஹார்ப்பர் மூன்றாம் நடுவரிடம் ஆலோசனை கேட்டு, பாகிஸ்தானின் சொயிப் மலிக்கை எல்.பி.டபிள்யூ. முறையில் ஆட்டமிழக்கச் செய்தார். தொழில்நுட்ப உதவியோடு அப்படி ஆட்டமிழந்த முதல் துடுப்பாட்ட வீரர் அவர். 2008 ஜூலையில் எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தொடங்கிய இலங்கை - இந்திய டெஸ்ட் தொடரில், வீரர்களே நடுவரின் தீர்ப்பை எதிர்க்கும் முறை முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டது. திலகரத்ன டில்ஷானுக்கு அதனால் மறுவாழ்வு கிடைத்தது. கசப்போடு ஊர் திரும்பிய இந்தியத் தரப்பு, இருதரப்பு டெஸ்ட் தொடர்களில் இந்த முறையை மீண்டும் முழுமையாக ஏற்க 2016 நவம்பர் ராஜ்கோட் வரை காத்திருந்தது. ஆனால் அதே இந்தியாவின் தலைநகரில், அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே, பெட்மின்டன் கெமராவை வரவேற்றுவிட்டது.

பெட்மின்டன் ஏன் அதற்கு முன் வரவில்லை என்பதை இனி விளக்கலாம். டெனிஸ் பந்து 56 கிராமுக்குக் குறையாது. இறகுப் பந்து 4.74 இலிருந்து 5.50 கிராம் வரை. பத்து மடங்கு இலேசான, விழும் முன் காற்றில் வேகமிழந்துவிடும் பொருளைச் சப்பாத்து மிதியிலிருந்து பிரித்தறிவது டலஸ் கருவியால் ஆகாத காரியம். சைக்ளொப்ஸ் முறையும் பொருந்தாது. 25 முதல் 28 மில்லிமீற்றர் அகலமுள்ள தக்கையின் பின்னால் 16 இறகுகள் அதைவிட இரு மடங்கு விரிந்திருக்கின்றன. கதிரை வெட்டியது தக்கையா இறகா என்று பெட்டிக்குத் தெரியாது. தக்கைக்குள் உலோகத் துகள் வைக்கலாமென்றால், அனுமதித்த எடை வித்தியாசமே ஒரு கிராமுக்கும் குறைவு. ஆகக் கோட்டில் பதிக்கும் உணரி எதுவும் இந்த விளையாட்டுக்கு ஒருபோதும் சரிவந்திராது. உயரத்திலிருந்து பார்க்கும் கெமரா மட்டுமே வழி. அதற்காகத்தான் நாற்பது ஆண்டுகள். சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023 இல் ஜப்பானில் மணிக்கு 565 கிலோமீற்றர் வேகத்தில் அடித்துக் காட்டிய விளையாட்டு இது என்பதையும் சேர்த்தால், கோட்டு நடுவரின் சங்கடம் புரியும்.

எல்லாமே இலத்திரனியல் ஆகிவிடவில்லை. 2018 இல் பரீட்சார்த்தமாக வந்த விதி, சேர்விஸ் அடிக்கும்போது இறகுப் பந்து தரையிலிருந்து 1.15 மீற்றருக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. அதை அளப்பது கோடு கீறிய இரண்டு ஒளிபுகும் தகடுகளும், அவற்றினூடாக நோக்கும் சேர்விஸ் நடுவரின் கண்ணுந்தான்.

டெனிஸோ வேறு திசையில் ஓடியது. 2017 இல் மிலான் நகரில் இளம் வீரர்களுக்கான இறுதிச் சுற்று கோட்டு நடுவர் ஒருவருமில்லாமல் நடந்தது. கொவிட் அதைத் துரிதப்படுத்தியது. 2020 அமெரிக்க பகிரங்கத்தில் இரண்டு பெரிய அரங்குகளில் மட்டுமே கோட்டு நடுவர்கள் நின்றனர். நொவாக் ஜொக்கோவிச் அடித்த பந்து தற்செயலாகப் பட்டு, அவர் தகுதி நீக்கப்படக் காரணமான பெண்மணி நின்றதும் அந்த இரண்டில் ஒன்றில்தான். 2021 இல் அவுஸ்திரேலிய பகிரங்கம் கோட்டு நடுவர்களை முழுவதுமாக நீக்கியது. 2025 இல், 147 ஆண்டுகளுக்குப் பிறகு, விம்பிள்டனும். பாரிஸ் மட்டும் களிமண்ணில் பதியும் தடத்தை நம்பி இன்னும் மனிதரை வைத்திருக்கிறது.

இலங்கையின் கிழக்குக் கரையில், பாலமுனை, அட்டாளைச்சேனை, நிந்தவூர்ப் பக்கத்தில் டெனிஸ் ஆடுதளத்தைத் தேடி அலைவதைவிட, பெட்மின்டன் வலை கட்டிய வளவைக் காண்பது எளிது. இந்த ஐம்பதாண்டு வரலாற்றில் அப்படிப்பட்ட ஊருக்கு வந்து சேர்ந்தது கொஞ்சமே. பிரெஞ்சுப் பொறியியலாளர் கிரெகுவார் ஜொந்தி 2017 இல், டெனிஸ் வலைக்கம்பத்தில் மாட்டும் இரட்டைக் கெமராக் கருவியை 199 டொலருக்கு விற்றார். டெனிஸுக்காகக் கைபேசிச் செயலிகளும் வந்துள்ளன. வெளிக்காற்றில், மணலிலும் ஆடத்தக்க இறகுப் பந்தை உலக பெட்மின்டன் சம்மேளனம் 2019 இல் அறிமுகப்படுத்தியது. கடலோர ஊர்களுக்கு கெமராவைவிட இது பொருத்தமான அன்பளிப்பு.

கோட்டு நடுவர் பார்க்கத் தவறினால் என்ன செய்வது என்பதற்குப் பெட்மின்டன் விதி முன்பே வழி சொல்லியிருக்கிறது: அவர் இரு கைகளாலும் கண்ணை மூடிக்காட்டுவார், பிரதான நடுவராலும் முடிவெடுக்க முடியாவிட்டால் ‘லெட்’, புள்ளியை மறுபடி ஆட வேண்டும். 2025 ஜூலை 6 அன்று விம்பிள்டன் சென்டர் கோர்ட்டில் சொனாய் கார்ட்டல் அடித்த பந்து கோட்டுக்கு நன்றாக வெளியே விழுந்தும் கருவி பேசவில்லை. அந்தப் பகுதிக் கெமராக்களைத் தவறுதலாக ஒருவர் நிறுத்திவைத்திருந்தார் என்பது பிறகு தெரியவந்தது. எதிரே நின்ற அனஸ்தாசியா பவ்லியுசென்கோவா கோபத்தோடு கேட்டும், நடுவர் நிக்கோ ஹெல்வெர்த் கட்டளையிட்டது அந்தப் புள்ளியை மறுபடி ஆடும்படிதான்.