‘நொபிலி’ என்னும் குடும்பப் பெயர்: ஒரு பெயரும் பலரும்

முன்னுரை

தமிழர்தம் பெயரிடும் மரபில் குடும்பப் பெயர் பெருவழக்காக இருந்ததில்லை. தந்தையின் பெயரோ அதன் முதலெழுத்தோ ஒருவரின் பெயரோடு சேர்ந்து நிற்கும்; அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். ஐரோப்பியரிடையே குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது. சிங்கப்பூரில் தெம்பனிஸ் போன்ற குடியிருப்பு நகரங்களில் பயிலும் தமிழ் மாணவர் இவ்வேறுபாட்டை வகுப்புப் பெயர்ப்பட்டியலிலேயே காண்கின்றனர். சீன மாணவரின் குடும்பப் பெயர் முன்னே நிற்கிறது. யுரேசிய மாணவரின் குடும்பப் பெயர் பின்னே நிற்கிறது. தமிழ் மாணவருக்கோ ‘இன்னாரின் மகன்’, ‘இன்னாரின் மகள்’ என்று தந்தை பெயர் அமைகிறது. இத்தகைய வகுப்பில் தமிழுக்குத் தொண்டாற்றிய ஐரோப்பியரைப் பற்றிப் பாடம் நடத்தும்பொழுது, ‘நொபிலி என்பது அவர் பெயரா, அவர் தந்தையின் பெயரா?’ என்னும் வினா எழுவது இயல்பு.

இவ்வினாவுக்கு விடை காணும் முகத்தான், நொபிலி என்னும் இத்தாலியக் குடும்பப் பெயரைத் தாங்கிய சிலரை அறிமுகப்படுத்தி, அப்பெயர் 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்தபொழுது அடைந்த மாற்றத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரின் பொருளும் வடிவமும்

இத்தாலிய மொழியில் ‘நொபிலே’ என்பது உயர்குடியில் பிறந்தவரைக் குறிக்கும் ஒருமைச்சொல். ‘நொபிலி’ அதன் பன்மை. இத்தாலியக் குடும்பப் பெயர்களில் பல இவ்வாறு இகரத்தில் முடிவன. ‘தே நொபிலி’ என முன்னே ஒட்டு வரும்பொழுது ‘உயர்குடியினரைச் சேர்ந்தவர்’ என்னும் பொருள் கிடைக்கிறது. ஒட்டு சில நூல்களில் இடம்பெறும், சிலவற்றில் விடுபடும். ஆகவே ஒருவரே அகரவரிசைப் பட்டியல்களில் இருவேறு இடங்களில் காணப்படுவதுண்டு. தமிழிலும் நொபிலி, நோபிலி, தெ நோபிலி, டி நொபிலி எனப் பல வடிவங்கள் வழங்குகின்றன.

பெயரின் பொருள் இதுவாயினும், அப்பெயர் உடையார் அனைவரும் உயர்குடியினர் எனக் கொள்ளல் ஆகாது. தெம்பனிஸ் என்னும் ஊர்ப்பெயர் ஒரு மரத்தின் மலாய்ப் பெயரிலிருந்து பிறந்தது. இன்று அங்கு வாழ்வோர் அம்மரத்தை அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. வேர்ப்பொருள் மறைந்தபின்னும் பெயர் நிலைத்துவிடுகிறது. ஆனால் நாம் ஆராய எடுத்துக்கொண்டவரின் வாழ்வில் அவ்வேர்ப்பொருள் மறைந்துவிடவில்லை என்பதே குறிப்பிடத்தக்கது.

மொந்தேபுல்சியானோ குடும்பத்தார்

இத்தாலியின் தஸ்கனிப் பகுதியிலுள்ள மொந்தேபுல்சியானோ என்னும் ஊரைச் சேர்ந்த நொபிலி குடும்பம், 1550 முதல் 1555 வரை திருத்தந்தையாக விளங்கிய மூன்றாம் ஜூலியசுக்கு உறவுடையது. இவ்வுறவால் அக்குடும்பத்தார் பதவியும் செல்வாக்கும் பெற்றனர். 1541இல் பிறந்த இரொபெர்த்தோ தே நொபிலி என்பவர் 1553ஆம் ஆண்டு, தம் பன்னிரண்டாம் வயதிலேயே கர்தினால் ஆக்கப்பட்டார். அவர் 1559இல் பதினேழு வயதில் மறைந்தார். அக்குடும்பத்தில் பிறந்து சாந்த பியோரா கோமகனின் துணைவியான கத்தரீனா, உரோமை நகரில் பழைய தியோக்கிளேசியன் குளியல் மண்டபங்களின் ஒரு பகுதியைப் புனித பெர்னார்து ஆலயமாக 1598ஆம் ஆண்டு மாற்றியமைக்கப் பொருளுதவி செய்தவர்.

தமிழுலகம் அறிந்த இரொபெர்த்தோ தே நொபிலி இக்குடும்பத்தில் 1577ஆம் ஆண்டு பிறந்தார். அவர் மதுரைப் பணியாளர். தமிழில் ‘ஞானோபதேசம்’, ‘தூஷணத் திக்காரம்’, ‘ஆத்தும நிர்ணயம்’ முதலியவற்றை இயற்றியவர். 1656ஆம் ஆண்டு மயிலாப்பூரில் மறைந்தவர். கர்தினாலுக்கும் இவருக்கும் முழுப்பெயரும் ஒன்றே என்பது கருதத்தக்கது. ஆண்டுகளை நோக்கினால் குழப்பம் நீங்கும்: முன்னவர் மறைந்து பதினெட்டு ஆண்டுகள் கழிந்தபின்னரே பின்னவர் பிறந்தார். பெயரோடு பிறப்பு, இறப்பு ஆண்டுகளைச் சேர்த்தெழுதும் வழக்கத்தின் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

பெயரொற்றுமையும் உறவும்

பிற்காலத்தில் இதே பெயருடன் வேறு துறைகளில் சிறந்தோர் உளர். இயற்பியலறிஞர் லெயோபோல்தோ நொபிலி (1784–1835) புவியின் காந்த ஈர்ப்பால் கருவியின் முள் விலகாதவாறு, எதிரெதிராகக் காந்தமூட்டிய இரு முட்களை இணைத்து 1825இல் நுண்ணிய மின்னோட்டமானி ஒன்றை உருவாக்கினார். உரோமையில் பிறந்த ஜான் நொபிலி (1812–1856) இயேசு சபைத் துறவி. வட அமெரிக்காவின் மேற்குக் கரைப்பகுதியில் பணியாற்றி, 1851ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் சாந்தா கிளாரா கல்லூரியை நிறுவியவர். லீலா தே நொபிலி (1916–2002) மேடை, ஆடை வடிவமைப்பாளர். மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் 1955ஆம் ஆண்டு விஸ்கொந்தி இயக்கிய ‘லா திராவியாத்தா’ இசைநாடகத்துக்கு மேடையமைத்தவர்.

இவர்களுள் ஜான் நொபிலியை மதுரை நொபிலியோடு மயங்குவது எளிது. இருவரும் இத்தாலியர், இருவரும் இயேசு சபையினர். எனினும் இருவருக்கும் இடையே இரண்டு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கால இடைவெளி உண்டு. 1926ஆம் ஆண்டு வடதுருவத்தின்மேல் வான்கப்பலில் பறந்த உம்பெர்த்தோவின் குடும்பப் பெயர் ‘நொபிலே’. ஈற்றெழுத்து ஒன்றே வேறுபாடு.

பெயர் ஒன்றாதலால் குருதி உறவும் உண்டு எனத் துணிதல் வரலாற்றாய்வுக்கு ஏற்றதன்று. சிங்கப்பூரிலேயே இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு உண்டு. முன்னைய உச்ச நீதிமன்றத்தின் முகப்பில் நீதியின் உருவகச் சிற்பத்தை அமைத்தவர் இத்தாலியச் சிற்பி உருதோல்போ நொல்லி. 1939இல் திறக்கப்பட்ட அக்கட்டடம் 2015 முதல் தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பகுதியாக விளங்குகிறது. உரோமை நகரின் புகழ்பெற்ற வரைபடத்தை 1748ஆம் ஆண்டு வெளியிட்டவர் பெயரும் நொல்லியே. பெயரை மட்டும் சான்றாகக் கொண்டு இருவரையும் ஒரு குடும்பத்தாராக்க இயலாது.

மதுரையில் பெயர் அடைந்த மாற்றம்

நொபிலி 1605ஆம் ஆண்டு கோவாவை அடைந்து, அடுத்த ஆண்டு மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே அங்குப் பணியாற்றிவந்த போர்த்துக்கீசியத் துறவி கொன்சாலோ பெர்னாந்தஸால் உள்ளூர் மக்களைத் தம் சமயத்துக்கு ஈர்க்க முடியவில்லை. கிறித்தவம் ‘பறங்கி’ மார்க்கம் எனக் கருதப்பட்டமையே இதற்குக் காரணம் என நொபிலி கண்டார். அவர் காவியுடுத்தி, புலால் நீக்கி, தனியிடத்தில் உறைந்து, தமிழும் தெலுங்கும் சமற்கிருதமும் பயின்றார். ‘தத்துவ போதகர்’ எனத் தமிழில் பெயர் பெற்றார்.

இங்கு ஒரு முரண் தோன்றுகிறது. மூத்த மகனான அவர், குடும்ப உரிமையைத் துறந்தே இயேசு சபையில் சேர்ந்தார். தமிழ் மரபிலும் துறவு பூண்டவர் முன்னைப் பெயரையும் குலத்தையும் விட்டுவிடுவர். துறவியிடம் குலம் வினவுதல் முறையன்று. ஆயினும் மதுரையில் அவரிடம் குலம் வினவப்பட்டது, அவரும் விடையளித்தார். தாம் பறங்கியர் அல்லர் என்றும், உரோமையில் பிறந்தவர் என்றும், இந்நாட்டு அரசர் குலத்துக்கு ஒப்பான குடியினர் என்றும் ஓலையில் எழுதி அறிவித்தார். குடும்பப் பெயர் என்ற சொல் மறைந்தது. அச்சொல்லின் பொருள் மட்டும் தமிழுக்கு வந்தது. ‘உயர்குடியினர்’ என்னும் இத்தாலியச் சொல் மதுரையில் சாதித் தகுதியாக மொழிபெயர்க்கப்பட்டது எனலாம்.

இம்மொழிபெயர்ப்பால் விளைந்தவை இருவகையின. உயர்சாதியினர் சிலர் அவர்பால் வந்தனர். தமிழ் உரைநடைக்கு விரிவான சமய நூல்களும் கலைச்சொற்களும் கிடைத்தன. அவர்தம் முறை குறித்து எழுந்த வழக்கில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623ஆம் ஆண்டு அவருக்குச் சார்பாக ஆணை வழங்கினார். முதலில் அவர் போக்கைக் கண்டித்து எழுதிய உறவினர் கர்தினால் பெல்லார்மின், விளக்கம் அறிந்தபின் ஆதரவாளரானார். மறுபுறத்தில், ஒரே சமயத்தைத் தழுவியோர் சாதியால் பிரிந்து வழிபடும் நிலை மதுரைப் பணித்தளத்தில் வேரூன்றியது. தாழ்த்தப்பட்ட மக்களிடையே பணிசெய்ய 1640ஆம் ஆண்டு முதல் ‘பண்டாரசாமிகள்’ எனத் தனிப்பிரிவினர் தேவைப்பட்டனர். அவரைச் சமூக வழக்குக்கு இணங்கியவர் என்பாரும், சாதியை நிலைநிறுத்தியவர் என்பாரும் உளர். அவர் சாதி அமைப்பைப் படைக்கவில்லை. ஆனால் அவ்வமைப்பில் தமக்கென ஓர் உயர்ந்த இடத்தைக் கேட்டுப் பெற்றார் என்பதே நம் கருத்து. பாடநூல்கள் அவருடைய தமிழ்த்தொண்டோடு இதனையும் கூறுதல் வேண்டும்.

மறைந்த பெயர் மீண்டமை

மதுரைப் பணித்தளத்தில் பின்வந்தோர் பெயர்களையும் நோக்குவோம். கோன்ஸ்தான்சோ பெஸ்கியின் முதற்பெயர் உறுதியைக் குறிப்பது. அது ‘தைரியநாதர்’ ஆயிற்று. பின்னர் அவர் ‘வீரமாமுனிவர்’ எனப் போற்றப்பட்டார். போர்த்துக்கீசியரான ஜான் தெ பிரித்தோவின் முதற்பெயர் இறையருளைக் குறிப்பது. அவர் ‘அருளானந்தர்’ ஆனார். முதற்பெயர்கள் மொழிபெயர்ந்தன, பெஸ்கி, பிரித்தோ என்னும் குடும்பப் பெயர்கள் மொழிபெயரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த கால்டுவெல்லும் போப்பும் தம் குடும்பப் பெயராலேயே அறியப்படுகின்றனர். 1968ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட சிலைகளில் இவ்விரு மரபும் அடுத்தடுத்து நிற்கக் காணலாம்: ஒருவர் வீரமாமுனிவர், மற்றையோர் கால்டுவெல், போப்.

இருபதாம் நூற்றாண்டில் தத்துவ போதகர் மீண்டும் ‘நொபிலி’ ஆனார். இயேசு சபையைச் சேர்ந்த இராசமாணிக்கம் அடிகளார் 1960களில் அவருடைய தமிழ் நூல்களைப் பதிப்பித்தமை இதில் பெரும்பங்கு வகித்தது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கிய தனிநாயக அடிகளும், பழைய ஐரோப்பியர் தமிழ் ஆக்கங்களில் ஆய்வுலகின் கவனத்தைத் திருப்பினார். 1679ஆம் ஆண்டு அச்சான புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை அவர் 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். இவ்வாறு ஆய்வுலகின் வழியே குடும்பப் பெயர் திரும்பி வந்தது. ஆனால் முன்போல் ‘உயர்குடி’ என்னும் பொருளோடு வரவில்லை. நூலாசிரியரை இனங்காட்டும் அடையாளமாக மட்டும் வந்தது.

தமிழரின் பெயர்வழக்கும் இதே நூற்றாண்டில் மாறியது என்பது ஒப்புநோக்கத்தக்கது. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின் சாதிப்பட்டம் இடுவதைக் கைவிடுமாறு தீர்மானித்தது. பெயரிலிருந்து பிறப்பின் தகுதியை நீக்கும் அம்முயற்சி பெருமளவில் வெற்றி கண்டது. நொபிலியோ தம் பெயரின் ஒலியை விட்டுப் பிறப்பின் தகுதியைத் தமிழில் நாட்டினார். இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளில், பெயர் என்பது எதனை அறிவிக்க வேண்டும் என்பது பற்றிய தமிழரின் எண்ணம் எத்துணை மாறியது என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, நொபிலி என்பது ஒருவர்க்கே உரிய பெயரன்று. அப்பெயரில் கர்தினாலும் இயற்பியலறிஞரும் கல்லூரி நிறுவியவரும் அரங்கக் கலைஞரும் உளர். இரண்டு, குடும்பப் பெயர் ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது. மூன்று, ஒரு பெயர் மொழி கடந்து செல்லும்பொழுது அதன் ஒலி செல்லலாம், அல்லது பொருள் செல்லலாம். எது சென்றது என்பதைக் கொண்டு அக்காலச் சமூகம் எதற்கு மதிப்பளித்தது என்பதை அறியலாம்.

ஆசிரியர்களும் நூற்பட்டியல் தொகுப்போரும் இத்தகையோரைக் குறிப்பிடும்பொழுது, முதற்பெயர், குடும்பப் பெயர், தமிழ்ப் பெயர், வாழ்ந்த ஆண்டுகள் ஆகிய நான்கையும் ஒருமுறையேனும் சேர்த்து எழுதுதல் நன்று. ‘இரொபெர்த்தோ தே நொபிலி என்னும் தத்துவ போதகர் (1577–1656)’ என்று எழுதினால் மயக்கத்துக்கு இடமில்லை. அவ்வாறு எழுதியபின், ‘இது அவர் தந்தையின் பெயரா?’ என்று தெம்பனிஸ் வகுப்பறையில் ஒரு மாணவர் வினவுவாராயின், தந்தைக்கும் பாட்டனுக்கும் உரிய பெயர் என்று விடை கூறலாம். அதனோடு நில்லாது, அப்பெயரின் பொருளைத் துறவியாகியும் அவர் ஏன் விடவில்லை என்னும் வினாவையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும். வரலாற்றுப் பாடம் அவ்வினாவிலிருந்தே தொடங்குகிறது.