செம்மரத்துக்கு அறிவியல் பெயர் கிடைத்தது எப்படி?

ஆந்திரத்தின் சேஷாசல மலைத்தொடரிலும் அதையொட்டிய மலைகளிலும் வளரும் செம்மரம், இன்று பெரும்பாலும் கடத்தல் செய்திகளின் வாயிலாகவே அறியப்படுகிறது. நெடுங்காலமாகக் கப்பலேறி வந்த இந்த மரத்துக்கு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான் உலகம் முழுவதும் ஏற்கப்படும் அறிவியல் பெயர் கிடைத்தது. அதற்கு வழிவகுத்தவர், தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த தாவரவியலாளர் யோகான் கெர்ஹார்ட் கோனிக். செம்மரத்தின் மீதான இன்றைய பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடுகள் அந்தப் பெயரையே அடிப்படையாகக் கொண்டுள்ளன.

பெயரால் நேர்ந்த குழப்பம்

மலையடிவார மக்களுக்கு இம்மரம் புதிதன்று. தெலுங்கில் இது 'எர்ரசந்தனம்' எனப்படுகிறது. ஐரோப்பாவில் சாயத்துக்கும், மருந்துகளுக்கு நிறமூட்டவும் இதன் கட்டை பயன்பட்டது. ஆனால் அங்கு சென்றடைந்தது இலையோ, பூவோ, காயோ இல்லாத வைரக்கட்டை மட்டுமே. கட்டையை மட்டும் வைத்து ஒரு தாவரத்தை வகைப்படுத்துவது கடினம்.

'சிவப்புச் சந்தனம்' என்ற வணிகப் பெயரும் தெளிவைத் தரவில்லை. செம்மரத்துக்குச் சந்தனத்தின் நறுமணம் கிடையாது. அது சந்தனக் குடும்பத்தைச் சேர்ந்ததும் அன்று, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனைக்குன்றிமணி மரமும் இதே வணிகப் பெயரால் அழைக்கப்படுவதுண்டு.

லின்னேயஸின் மாணவர்

கோனிக் 1728-இல், இன்றைய லாட்வியா நாட்டில் அடங்கிய பகுதியில் பிறந்தார். தாவரங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநிறுத்திய ஸ்வீடன் அறிஞர் கார்ல் லின்னேயஸிடம் பயின்றார். 1768-இல், அப்போது டென்மார்க்கின் ஆளுகையில் இருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து சேர்ந்தார். பின்னர் ஆற்காடு நவாபிடம் இயற்கையியலாளராகவும், அதன்பின் கிழக்கிந்திய நிறுவனத்திலும் பணியாற்றினார்.

தென்னிந்தியாவில் தாம் சேகரித்து உலர்த்திய தாவர மாதிரிகளையும், அவை பற்றிய குறிப்புகளையும் கோனிக் ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பி வந்தார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் உள்ள 'கோனிகி' என்ற சொல், லின்னேயஸ் தம் மாணவருக்கு அளித்த சிறப்பாகும்.

1778-இல் லின்னேயஸ் மறைந்தார். அவருடைய மகன் இளைய கார்ல் லின்னேயஸ், தந்தையின் பணியைத் தொடர்ந்து 1782-இல் வெளியிட்ட துணை நூலில், கோனிக் வழியாகக் கிடைத்த தகவலைக் கொண்டு செம்மரத்தை விவரித்தார். 'டெரோகார்பஸ் சாண்டலினஸ்' என்று பெயரும் சூட்டினார். முதற்சொல்லுக்குச் சிறகுக் கனி என்று பொருள். தட்டையான வட்டக் காயைச் சுற்றிச் சிறகு போன்ற விளிம்பு இருப்பதால் அப்பெயர் அமைந்தது. இரண்டாம் சொல் 'சந்தனம் போன்றது' எனப் பொருள்படும். பழைய வணிகப் பெயரின் சுவடு அறிவியல் பெயரிலும் தங்கிவிட்டது.

கோனிக் 1785-இல் காக்கிநாடா அருகே காலமானார். அவருடைய நண்பரும், பின்னாளில் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றவருமான வில்லியம் ராக்ஸ்பர்க், தென்னிந்தியத் தாவர ஆய்வைத் தொடர்ந்தார்.

பெயரும் பாதுகாப்பும்

செம்மரம் இயற்கையாக வளரும் இடம் மிகக் குறுகியது. கடப்பா, சித்தூர், திருப்பதி, நெல்லூர் மாவட்டங்களின் வறண்ட பாறை மலைகளும் அவற்றை அடுத்த சில பகுதிகளுமே அதன் தாயகம். மெதுவாக வளரும் இம்மரத்தில் வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். சீனாவில் அறைகலன்களுக்கும், ஜப்பானில் ஷாமிசென் என்னும் நரம்பிசைக் கருவிக்கும் இக்கட்டை விரும்பப்படுகிறது. இந்தத் தேவையே கடத்தலுக்குத் தூண்டுகோலாக உள்ளது. 2015 ஏப்ரல் 7-இல் சேஷாசலம் வனப்பகுதியில் ஆந்திரக் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில், தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் உயிரிழந்தனர்.

அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் 'சைட்டிஸ்' உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில், 1995 முதல் செம்மரம் இடம்பெற்றுள்ளது. கட்டை மட்டுமன்றி, சிம்புகள், தூள், சாறு ஆகியவையும் அந்தக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது.

சந்தனம், சிவப்புச் சந்தனம், செஞ்சந்தனம், எர்ரசந்தனம் என வணிகப் பெயர் எதுவாக இருப்பினும், சட்டம் காக்கும் மரம் எது என்பதை அறிவியல் பெயரே ஐயமின்றிச் சுட்டுகிறது. துறைமுகத்தில் பிடிபடும் கட்டை, இரண்டு நூற்றாண்டுகளுக்கும் முன்பு ஐரோப்பாவைச் சென்றடைந்த கட்டையைப் போலவே, இலையும் பூவும் இன்றித்தான் வருகிறது. அது செம்மரமே என்று ஆய்வாளர்கள் உறுதிசெய்யும்போது குறிப்பிடுவது, கோனிக்கின் உழைப்பால் 1782-இல் அமைந்த அதே பெயரைத்தான்.