கோழி எருவா, ரசாயன உரமா? ஒரு நிலத்தடி நீரின் கதை

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், அமெரிக்க எல்லையை ஒட்டி ஆபட்ஸ்ஃபோர்டு என்று ஓர் ஊர். ராஸ்பெர்ரி பழத்துக்குப் பேர் போனது. கோழிப் பண்ணைகளும் அங்கே ஏராளம். தோட்டக்காரருக்கு உரம் வேண்டும். பண்ணைக்காரருக்கோ சேர்ந்துபோன எருவை எங்காவது தள்ளியாக வேண்டும். இருவருக்கும் லாபம் என்பதால் பல ஆண்டுகள் இந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது. யார் கணக்கிலும் எழுதப்படாத செலவு ஒன்று மட்டும் மண்ணுக்கு அடியில் சேர்ந்துகொண்டே இருந்தது. அதுதான் நைட்ரேட்.

அந்த ஊரின் மண் அப்படி. பனியாறுகள் விட்டுப்போன மணலும் சரளையும்தான் அடியில். மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் கொட்டித் தீர்க்கும். அப்போது செடிகள் இலை உதிர்த்துத் தூங்குகின்றன. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் எருவின் நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்றி வைத்திருக்க, உறிஞ்ச வேர் இல்லாததால் மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். நிலத்தடி நீர் தெற்கு நோக்கி ஓடுகிறது. அதாவது கனடாவில் கொட்டிய உரம், எல்லையைத் தாண்டி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கிணறுகளில் போய்ச் சேரும்!

இதில் என்ன ஆபத்து? 1945-ல் ஹன்டர் காம்லி என்ற அமெரிக்க மருத்துவர், அயோவாவில் கிணற்று நீரில் பால் கலந்து கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகள் நீலம் பாரிப்பதைக் கண்டு எழுதினார். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போவதுதான் காரணம். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்பதே கனடாவின் வரம்பு.

சரி, நைட்ரேட் எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நைட்ரஜன் அணுவில் 14, 15 என்று இரண்டு எடைகள் உண்டு. எருக் குவியலிலிருந்து அம்மோனியா ஆவியாகும்போது லேசான 14 சற்று எளிதாகப் பறந்துவிடும். மிஞ்சியதில் 15-ன் பங்கு கூடும். காற்றின் நைட்ரஜனைக் கொண்டு ஆலையில் செய்த உரத்தில் இப்படிக் கூடுவதில்லை. 1971-லேயே கோல், ஷியரர், காமனர் மூவரும் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் இந்த முறையைக் கையாண்டார்கள். மண்ணில் இயல்பாகவே உள்ள நைட்ரஜன் கணக்கைக் குழப்பிவிடும் என்று மண்ணியலாளர்கள் கடுமையாக மறுத்தார்கள். அந்த மறுப்பில் நியாயம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

ஆபட்ஸ்ஃபோர்டில் லென் வாசெனார் நைட்ரஜனோடு ஆக்சிஜனின் எடைகளையும் சேர்த்து அளந்தார். 1995-ல் முடிவு வெளியானது. பார்த்த கிணறுகளில் பாதிக்கு மேல் வரம்பைத் தாண்டியிருந்தன. முக்கியக் குற்றவாளி கோழி எரு. ரசாயன உரத்தின் பங்கு குறைவு. போதாக்குறைக்கு, நிலத்தடியில் நைட்ரேட் தானாகச் சிதைந்து குறைவதற்கான அடையாளமும் இல்லை.

இனி எருவைக் குறைத்தால் தீர்ந்தது என்றுதானே நினைப்போம்? பல விவசாயிகள் தாங்களாகவே முன்வந்து எருவை விட்டு ரசாயன உரத்துக்கு மாறினார்கள். வாசெனாரும் சக ஆய்வாளர்களும் பத்தாண்டு மாற்றத்தை ஆராய்ந்து 2006-ல் எழுதினார்கள். நைட்ரேட்டின் கைரேகை மாறியிருந்தது, எருவிலிருந்து உரத்தை நோக்கி. ஆனால் அளவு குறையவில்லை! பழைய நீர் இன்னும் வெளியேறவில்லை என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை; நீரின் வயதையும் அளந்திருந்தார்கள், புதிதாக இறங்கிய நீரிலும் அதே கதைதான். கடன்காரரை மாற்றினார்கள், கடன் அப்படியே நின்றது.

2019-ல் பிரிட்டிஷ் கொலம்பியா புதிய வேளாண் சுற்றுச்சூழல் விதிகளைக் கொண்டுவந்தது. எருவைக் குவித்து வைப்பதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. கூடவே, அறுவடைக்குப் பின் மண்ணில் எவ்வளவு நைட்ரேட் மிச்சம் இருக்கிறது என்று சோதிக்கும் ஏற்பாடும் வந்தது. அந்தச் சோதனை, அது எருவில் வந்ததா உரத்தில் வந்ததா என்று கேட்பதில்லை.