நம்ம ராஜா, நம்ம கோயில்: ஒரு நாள் சுற்றுலாவும் சுவரில் இருக்கும் கணக்கும்

கும்பகோணத்தில் ஒரு கார் பிடித்து, கூடவே ஒரு கைடையும் ஏற்பாடு செய்துகொண்டால் கங்கைகொண்டசோழபுரம், தாராசுரம், தஞ்சாவூர் என்று மூன்று சோழர் கோயில்களையும் ஒரே பகலில் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அறைக்குத் திரும்பிவிடலாம். மூன்றும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள். தஞ்சை 1987இல் பட்டியலில் சேர்ந்தது, மற்ற இரண்டும் 2004இல். சில மாதங்களுக்கு முன் மலேசியாவிலிருந்து வந்த ஒரு நண்பருடனும் அவருடைய தாயாருடனும் இந்த ஒருநாள் பயணத்தைப் போனேன். நண்பருக்குக் கெடா மாநிலம். அவருடைய தாத்தா பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் ஒரு சேரியிலிருந்து கங்காணியோடு கப்பலேறியவர். அம்மா தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. இந்த மண்ணை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கோயில்களின் அழகைப் பற்றி எழுத நான் இங்கே வரவில்லை. அன்று நாள் முழுக்க எங்கள் காதில் விழுந்த ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேச வேண்டும். ‘நம்ம’ என்பதுதான் அந்தச் சொல். நம்ம ராஜா, நம்ம கோயில், நம்ம கடற்படை. இந்த ‘நம்ம’வுக்குள் யார் யார் இருக்கிறார்கள், எப்போதிலிருந்து இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

கும்பகோணத்திலிருந்து கங்கைகொண்டசோழபுரம் போகிற வழியில் அணைக்கரை வருகிறது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் ஆங்கிலேயர் கட்டிய கீழணை அதுதான். கார் பாலத்தைக் கடக்கும்போது கைடு பேசாமல் இருந்தார். கோயிலுக்குள் போய், இடிந்துபோன மதிலைக் காட்டும்போதுதான் சொன்னார்: “வெள்ளைக்காரன் வெடி வச்சுத் தகர்த்து, கல்லையெல்லாம் அணை கட்டக் கொண்டுபோயிட்டான் சார்.” சொன்னது உண்மை. உடைத்த கல்லுக்குப் பதிலாகச் செங்கல் மதில் எழுப்பித் தருகிறோம் என்று ஊர்க்காரர்களுக்கு வாக்குக் கொடுத்து, பிறகு காற்றில் விட்டதும் உண்மை. ஆனால் இந்த உண்மை எப்படிச் சொல்லப்படுகிறது என்று கவனிக்க வேண்டும். கட்டியவன் நம்ம ராஜா, இடித்தவன் அந்நியன் என்று கதை இரண்டு பாத்திரங்களோடு முடிந்துவிடுகிறது. கல்லை வெட்டி வந்து முதலில் அடுக்கியவர்களுக்கும், எண்ணூறு வருஷம் கழித்து அதே கல்லைப் பெயர்த்து வண்டியில் ஏற்றியவர்களுக்கும் கதைக்குள் இடமில்லை.

நண்பர் கெடாக்காரர் என்று தெரிந்ததும் கைடுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அப்ப உங்க ஊருதான் சார் கடாரம்! ஆயிரத்து இருபத்தஞ்சுல நம்ம ராஜேந்திரன் கப்பல்படையோட வந்து ஜெயிச்சாரே!” என்றார். நண்பர் சிரித்தார். “எங்க தாத்தாவும் இங்கேர்ந்துதான் கடாரத்துக்கு வந்தாரு. படையோட இல்ல, கங்காணியோட” என்றார். கைடும் சிரித்தார். ஆனால் அடுத்த வாக்கியம் அவரிடம் இல்லை. மனப்பாடம் செய்து வைத்திருக்கும் கதையாடலில் அந்த இடத்துக்கு வரி எழுதப்படவில்லை. கடாரம் என்ற ஒரே ஊருக்கு இந்த மண்ணிலிருந்து இரண்டு பயணங்கள் நடந்திருக்கின்றன. ஒன்று மெய்க்கீர்த்தியாகிக் கோயில் சுவரில் ஏறியது. இன்னொன்று நாகப்பட்டினத்துறைமுகத்தில் கூலி ஆட்களின் கணக்காக நின்றுவிட்டது. முதல் பயணத்தை ‘நம்ம’ என்று சொல்கிற வாய்க்கு இரண்டாவதை அப்படிச் சொல்ல வரவில்லை.

தாராசுரத்தில் வெயில் ஏறிவிட்டது. யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் புகழ்பெற்ற சிற்பத்தைக் கையால் பாதி மறைத்துப் பாதி காட்டினார் கைடு. அம்மா குழந்தைபோல் ரசித்தார். அது பொய்யான சந்தோஷம் இல்லை. இம்மாதிரிக் கட்டுரைகளில் நாம் வழக்கமாகச் செய்கிற தவறு, பார்க்கிறவர்களின் வியப்பை மடமை என்று தள்ளிவிடுவது. வியப்பில் தப்பில்லை. வியப்போடு பேச்சு நின்றுவிடுவதில்தான் தப்பு இருக்கிறது.

நாலு மணிக்குமேல் தஞ்சாவூர். பெரிய கோயில் வாசலில் நுழைந்ததுமே கைடின் குரல் மாறிவிட்டது. விமானத்தின் நிழல் தரையில் விழாது. உச்சிக்கல் ஒரே கல், எண்பது டன். சாரப்பள்ளத்திலிருந்து மண்ணால் சாய்தளம் போட்டு யானை கட்டி இழுத்தார்கள். நாங்கள் நின்றுகொண்டிருந்த அந்தச் சாயங்கால வேளையிலேயே விமானத்தின் நிழல் தரையில் நீளமாகக் கிடந்தது. உச்சிக்கல் ஒரே கல் அல்ல, பல துண்டுகளின் இணைப்பு என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நந்தியும் அதன் மண்டபமும் ராஜராஜன் காலத்தவை அல்ல, நாயக்கர் காலத்தவை. இந்தத் தகவல் பிழைகளைத் திருத்துவது பெரிய வேலை இல்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம். கவனிக்க வேண்டியது வேறொன்று. அன்று முழுக்க கைடின் விரல் மேலேயே இருந்தது. எங்கள் கழுத்தும் மேலேயே இருந்தது. கல்வெட்டுகளோ கீழே, அதிட்டானத்திலும் திருச்சுற்றுச் சுவர்களிலும் இருக்கின்றன.

அம்மாதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். “தம்பி, இத்தன கல்லு சுமந்தாங்களே, அவுங்களுக்கு ராசா கூலி குடுத்தாரா?”

“குடுத்திருப்பாரும்மா. பெரிய மனசுக்காரர்.”

தோட்டத்தில் சம்பள நாளன்று கையெழுத்தும் கைநாட்டும் வைத்து வாங்கிய ஒருத்தியின் கேள்வி அது. அவருக்கு நிழல் விழுகிறதா என்பது பிரச்சினை இல்லை, கூலி விழுந்ததா என்பதுதான் பிரச்சினை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு கட்டடத்தின் முன்னால் நின்று கேட்கத் தகுந்த முதல் வரலாற்றுக் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எம்.ஏ. தமிழ் படித்தபோது எனக்குக் கல்வெட்டியல் ஒரு தாள். அச்சில் படித்ததோடு சரி. சுவரில் போய் நின்று இந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை.

சரி, சுவர் என்ன சொல்கிறது?

1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக நியமிக்கப்பட்ட ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியர் இந்தக் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் பதிப்பித்தார். 1891 முதல் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியின் பகுதிகளாக அவை வரத் தொடங்கின. அதற்கு முன் இந்தக் கோயிலைக் கட்டியது கரிகாலன் என்றுகூட நம்பிக் கொண்டிருந்தார்கள். இன்று சிலையாகவும் சினிமாவாகவும் நிற்கிற ராஜராஜன் அச்சுக்கும் ஆய்வுக்கும் பிறகு நமக்குக் கிடைத்தவர். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு 1930களில் வந்தது. கல்கியின் தொடர்கதை 1950இல் தொடங்கியது. 2010இல் ஆயிரமாண்டு விழாவை அரசே எடுத்து ஆயிரம் நடனக் கலைஞர்களை ஆடவைத்தது. 2022இலும் 2023இலும் திரைப்படங்கள். கைடின் பேச்சு இவற்றின் சுருக்கம்தான். பழஞ்சின்னங்களும் அருங்காட்சியகமும் தேசத்தின் அடையாள முத்திரைகளாக்கப்படுவதைப் பற்றி பெனடிக்ட் ஆண்டர்சன் ‘கற்பனை செய்யப்பட்ட சமூகங்கள்’ நூலின் 1991ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு இயலே சேர்த்தார். அதற்கு உதாரணம் தேடி நாம் ஜாவாவுக்குப் போக வேண்டாம். தஞ்சாவூர் போதும்.

ஆனால் சுவரில் இருப்பது பெருங்கதையாடல் அல்ல, கணக்கு. கோயிலுக்குப் பணிசெய்ய நானூறு தளிச்சேரிப் பெண்டுகள் பல ஊர்த் தளிகளிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்டார்கள். ஒவ்வொருத்தியின் பெயர், வந்த ஊர், குடியிருந்த தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பது வரை வெட்டியிருக்கிறார்கள். திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை, நக்கன் இரணமுகராமி, நக்கன் எடுத்தபாதம், நக்கன் சோழகுலசுந்தரி. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். நட்டுவர், உவச்சர், கணக்கர், தச்சர், நாவிதர், வண்ணார் என்று பட்டியல் நீள்கிறது. வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் பெயரும் அதில் இருக்கிறது. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்தப் பங்கு யாருக்குப் போக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது.

அம்மாவின் கேள்விக்கு இது பாதிப் பதில். கட்டி முடித்த கோயிலில் வேலை செய்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று சுவர் சொல்கிறது. கல்லைச் சுமந்தவர்களின் பெயரும் கூலியும் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த மௌனத்தை ‘பெரிய மனசுக்காரர்’ என்று நிரப்புவதும், ‘சவுக்கால் அடித்தான்’ என்று நிரப்புவதும் ஒரே வேலைதான். இரண்டும் ராஜாவின் குணத்தைப் பற்றிப் பேசுகின்றன. கூலியைப் பற்றிப் பேசவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலத்தை முந்திரி, கீழ்முந்திரி என்ற நுண்ணிய பின்னங்கள் வரை அளந்திருக்கிறார்கள். அதில் வரி விதிக்கப்படாத இடங்களைக் கழிக்கும்போது ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு கம்மாணசேரியும் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. ஆமாம், தீண்டாச்சேரி. ‘தீண்டாமையெல்லாம் நாயக்கர் கொண்டுவந்தது, வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, சோழர் காலத்தில் ஏது?’ என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தச் சுவரைப் படிக்கவில்லை, அல்லது படித்துவிட்டு மறைக்கிறார்கள். நொபொரு கராஷிமா போன்ற அறிஞர்கள் இந்தச் சொற்களை எடுத்துப் பேசிப் பல காலம் ஆகிறது. அன்றைய தீண்டாமை பிற்காலத்தியது போலவே இறுகியிருந்ததா என்பது விவாதத்துக்குரியது. அந்தச் சொல் அங்கே இருக்கிறது என்பதில் விவாதம் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன் அந்தச் சேரியின் மனைப்பரப்பு வரிக்கணக்கில் கழித்து எழுதப்பட்டது. இன்று அதே சேரி வரலாற்றுக் கணக்கிலும் கழித்து எழுதப்படுகிறது.

நண்பரிடம் இதைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டுமா என்று தயங்கித்தான் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப எங்காளுங்க பேரும் இங்க இருக்கு. கழிச்ச கணக்குல இருக்கு” என்றார். பிறகு, “எங்க தாத்தா கப்பல் ஏறும்போது இந்த வாசலுக்குள்ள வர முடிஞ்சிருக்குமா?” என்று கேட்டார். முடிந்திருக்காது. 1939 ஜூலையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஆலயப் பிரவேசம் நடந்தது. அதைத் தொடர்ந்து அதே ஆண்டில்தான் தஞ்சை அரண்மனைப் பரம்பரை அறங்காவலரின் பொறுப்பிலிருந்த கோயில்களும், இந்தப் பெரிய கோயில் உட்பட, தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திறக்கப்பட்டன. கோயில் முடிந்தது 1010. ‘நம்ம கோயில்’ என்று எல்லோரும் உள்ளே நின்று சொல்லும் உரிமைக்கு வயது நூறுகூட ஆகவில்லை. அந்த உரிமையை ராஜராஜன் கொடுக்கவில்லை. வாசலில் நின்று போராடியவர்கள் வாங்கினார்கள். 1939 என்ற ஆண்டு கைடின் பேச்சில் எங்கேயும் வரவில்லை.

கைடை இதற்குக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வெளியே டீக்கடையில் உட்கார்ந்தபோது அவரே சொன்னார்: “எனக்கும் கொஞ்சம் தெரியும் சார். ஒரு தடவ அந்தப் பொம்பளைங்க பட்டியலப் பத்திச் சொன்னேன். ‘இதெல்லாம் எதுக்கு, செல்பி எங்க நின்னா நல்லா வரும்னு சொல்லு’ன்னுட்டாங்க. நிழலு விழாதுன்னாத்தான் கைதட்டுறாங்க.” ஒரு நாளைக்கு ஒரு பார்ட்டி, சீசன் முடிந்தால் அதுவும் இல்லை. மாதச் சம்பளமும் கிடையாது. தளிச்சேரிப் பெண்டுக்கு இருந்ததுபோல் நிச்சயமான ஒரு பங்குகூட இவருக்கு இல்லை. அதிசயத்தை விற்பது அவர் விருப்பம் அல்ல, அவருடைய சந்தை. அந்தச் சந்தையை உண்டாக்கியதில் மேடைகளுக்கும் பாடப்புத்தகங்களுக்கும் பங்கு உண்டு. கல்வெட்டுப் பாடங்களைப் பல்கலைக்கழக அலமாரிகளில் பூட்டி வைத்திருக்கும் நம்மைப்போன்ற தமிழ் படித்தவர்களுக்கும் பங்கு உண்டு.

நம் பக்கத்து நண்பர்கள் சிலர் கேட்கலாம்: அது அதிகாரத்தின் சின்னம், அங்கே ஏன் போக வேண்டும்? இதை நான் ஏற்கவில்லை. நாம் போகாமல் இருந்தால் சுவர் முழுவதும் ராஜாவுக்கே மிஞ்சும். பெருமிதத்துக்கும் புறக்கணிப்புக்கும் ஒரு ஒற்றுமை இருக்கிறது: இரண்டுமே கீழே இருக்கிற எழுத்தைப் படிப்பதில்லை. நக்கன் சேரமங்கையின் வீடு எத்தனையாவது என்று எழுதியிருக்கிற ஒரு சுவரை, தீண்டாச்சேரி என்ற சொல்லுக்கு ஆயிரம் வருஷத்துச் சாட்சியாக இருக்கிற ஒரு சுவரை, நாம் யாருக்காக விட்டுக் கொடுப்பது?

செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. பெரிய காரியம் இல்லை. இந்த மூன்று கோயில்களுக்கும் இருபது பக்கத்தில் ஒரு சிறுபிரசுரம். எந்தச் சுவரில் யாருடைய பெயர், எவ்வளவு நெல், எந்தச் சேரி, 1836இல் என்ன நடந்தது, 1939இல் என்ன நடந்தது என்று பேச்சுத் தமிழில் எழுதி கைடுகளுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் பள்ளிக்கூட வாத்தியார்களுக்கும் கொடுக்க வேண்டும். படியெடுத்த பாடம் அச்சில் இருக்கிறது. எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள்.

கிளம்பும்போது கைடு என்னிடம் தனியாக, “அந்தப் பொம்பளைங்க பேரு எந்தச் செவுத்துல சார் இருக்கு?” என்று கேட்டார். வடபுறத் திருச்சுற்றில் என்று சொன்னேன். எத்தனையாவது வரி என்று கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.