நோய்ப்பரவலியல்: பஞ்சாலைகளில் பிசினோசிஸ்

ஒரு நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று மக்கள் தொகுதியை வைத்து ஆராயும் துறை நோய்ப்பரவலியல். நூற்பாலைகள் நிறைந்த இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்குப் பொருத்தமான சான்று, பஞ்சுத்தூசியால் வரும் பிசினோசிஸ். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். அடுத்த நாள்களில் தணியும். ஆண்டுகள் போனால் நிலைத்துவிடும். ஒருவரை மட்டும் பார்த்தால் ஆஸ்துமா என்றே தோன்றும். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூம், இழைகளைச் சீவும் கார்டிங் ஆகிய பிரிவினரை மற்றவர்களோடு ஒப்பிட்டால்தான் தூசி மிகுந்த இடத்தில் நோயும் மிகுவது புலப்படும். பஞ்சிலுள்ள பாக்டீரியாக்களின் எண்டோடாக்சின் நச்சு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. மூச்சுத்திணறி வேலையை விட்டவர்களை ஆலைக்குள் எடுக்கும் கணக்கு தவறவிடும். அவர்களை வீடுதேடிச் சென்று எண்ணுவதே நியாயம். 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி, இந்நோயைக் காணும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது.